அதிபர் முறை, பாராளுமன்ற முறை எல்லாம் இருக்கட்டும், செக்கில் கையெழுத்து யாருடையது?

வாய்க்கால்மேடு

எங்கள் ஊர் டீக்கடையில் போன வாரம் ஒரு பெரியவர் அடித்துச் சொன்னார், இந்தியாவுக்கு அமெரிக்கா மாதிரி அதிபர் முறைதான் லாயக்கு, பிரதமர், மந்திரிசபை, கூட்டணி எல்லாம் இழுத்தடிக்கிற வேலை என்று. பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அப்போது நினைவுக்கு வந்ததெல்லாம் எங்கள் ஊராட்சியின் செக் புத்தகம்தான்.

கதையைச் சொல்கிறேன். 2019 டிசம்பர் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்த அக்கா பத்தாவது வரை படித்தவர், கணக்கில் கெட்டி. ஆனால் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. அதனால் ஊரில் நிலம் நீச்சு உள்ள வீட்டுக்காரர் ஒருவர் நோகாமல் அதில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஒரு சித்திரையில் கீழத்தெரு மோட்டார் எரிந்துபோனது. கம்பிச்சுருள் (காயில்) கட்டுகிறவருக்குத் தர வேண்டியது ஆறாயிரத்துச் சொச்சம். துணைத்தலைவர் ‘வெளியூரில் இருக்கிறேன்’ என்றார். அவருடைய புல்லட் அவர் வீட்டு வாசலில்தான் நின்றது, தெருவே பார்த்தது. பதினோரு நாள் தண்ணீர் இல்லை. கடைசியில் அந்த அக்கா தோட்டை அடகு வைத்து மோட்டாரைச் சரிசெய்தார். அந்தப் பணம் ஊராட்சியிலிருந்து அவருக்குத் திரும்பி வர ஏழு மாதம் ஆனது.

அதனால் எனக்கு இந்த ‘எந்த ஆட்சிமுறை சிறந்தது’ பட்டிமன்றத்தில் ஆர்வம் இல்லை. உங்கள் ஊரில், உங்கள் நாட்டில், நிஜமாகக் கையெழுத்துப் போடுகிறவர் யார், போடாமல் தடுக்கக்கூடியவர் யார்? பார்த்ததைச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம்.

நல்லவன்_வல்லவன்

அண்ணே, நீங்கள் சொன்ன கதையே என் கட்சிக்குத்தான் சாட்சி. ஆளுக்கொரு கையெழுத்து, ஆளுக்கொரு முட்டுக்கட்டை. ஒரே ஒரு நல்ல ஆள் கையில் முழு அதிகாரத்தையும் கொடுத்துப் பாருங்கள், மோட்டார் மறுநாளே ஓடும். லீ குவான் யூ அப்படித்தானே சிங்கப்பூரைத் தூக்கி நிறுத்தினார்?

ஈசூன்வாசி

லீ குவான் யூ பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தேன், இரண்டாவது பதிவிலேயே வந்துவிட்டது :)

இங்கே சிங்கப்பூரில் இருபது வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம். முதலில், இது ஒரே ஆள் ஆட்சி கிடையாது, ஒரே கட்சி ஜெயித்துக்கொண்டே இருக்கிற பாராளுமன்ற ஆட்சி. மக்கள் செயல் கட்சி 1959 முதல் இன்றுவரை ஆட்சியில் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தேர்தலைச் சந்தித்துத்தான். 2025 மே தேர்தலில் 97 இடங்களில் 87. பாக்கி பத்தும் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு. லஞ்சத்தைப் பிடிக்கிற பிரிவு பிரிட்டிஷ்காரன் காலத்தில், 1952இலேயே தொடங்கியது. அது அமைச்சரையும் விடாது, 2024இல் ஒரு முன்னாள் அமைச்சர் 12 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ‘நல்ல ஆள்’ என்று நீங்கள் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு கட்டுமானம் இருக்கிறது, அது இல்லாமல் ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அடுத்தது, இங்கே அதிகாரம் வீட்டுக்கதவு வரை வரும். பெரும்பாலானோர் அரசு கட்டித் தரும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்தான் இருக்கிறோம். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. இனக்கலவரம் பார்த்த ஊர், ஒரே இனம் ஒரே பேட்டையில் குவியக்கூடாது என்பது நோக்கம். நோக்கம் நல்லதுதான், என் பிள்ளைகள் மின்தூக்கியில் மூன்று மொழி கேட்டு வளர்கிறார்கள். ஆனால் என் மாமா வீட்டை விற்கப் போனபோது அந்த புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தது. வாங்க வந்த சீனக் குடும்பத்துக்கு விற்க முடியாது. எட்டு மாதம் கழித்து, கேட்ட விலையை விட நன்றாகக் குறைத்துத்தான் இன்னொருவருக்குக் கைமாறியது. பெரும்பான்மை இனத்துக்காரருக்கு இந்த வரம்பு அநேகமாக உறைக்காது, சிறுபான்மையினரின் பணப்பையில்தான் உறைக்கும்.

1988இல் குழுத்தொகுதி, அதாவது பல எம்.பி.க்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கிற தொகுதி, வந்ததும் இப்படித்தான். ஒரு அணியில் ஒரு சிறுபான்மையினர் கட்டாயம் இருக்க வேண்டும், அதனால் பாராளுமன்றத்தில் நமக்கு இடம் உறுதி. அதே நேரத்தில் நான்கைந்து பேர் கொண்ட அணியைத் திரட்ட எதிர்க்கட்சிக்கு நாக்குத் தள்ளும். 2011இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பிடிக்கிற வரைக்கும் ஒன்றைக்கூட அவர்களால் பிடிக்க முடியவில்லை. 1997 தேர்தலின்போது, எங்களுக்கு ஓட்டுப் போட்ட வட்டாரத்துக்குத்தான் வீடமைப்பு மேம்பாட்டில் முன்னுரிமை என்று ஆளுங்கட்சி வெளிப்படையாகவே சொன்னது. உங்கள் துணைத்தலைவர் ஒளித்துச் செய்ததை இங்கே மேடையில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

தோட்டக்காரன்_யாழ்

தம்பி நல்லவன் வல்லவன், ஒரே ஆள் கையில் அதிகாரம் இருந்தால் எப்படி இருக்கும் என்று எங்களைக் கேளுங்கோ.

எங்கட நாட்டில், இலங்கையில், 1978 அரசியலமைப்போடு ஜே.ஆர். ஜெயவர்த்தன நிறைவேற்று சனாதிபதி (ஆட்சி அதிகாரம் உள்ள அதிபர்) முறையைக் கொண்டுவந்தார். 2015இல் 19ஆம் திருத்தம் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் வெட்டியது. 2020இல் 20ஆம் திருத்தம் வெட்டினதைத் திரும்ப ஒட்டினது, பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் கை தூக்கித்தான் ஒட்டினார்கள். சரி, பலமான தலைவர், வேகமான முடிவு. அப்புறம் என்ன நடந்தது?

2021 மே மாதம் ஒரு வர்த்தமானி (அரசிதழ்). இரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதிக்குத் தடை. தேர்தல் விஞ்ஞாபனத்தில் ‘பத்து வருடத்தில் இயற்கைப் பசளைக்கு மாறுவோம்’ என்றுதான் இருந்தது. அது ஒரு தாளில் ஒரு கையெழுத்தோடு அடுத்த போகத்துக்கு வந்திட்டுது. விவசாய விஞ்ஞானிகள் கத்தினார்கள், தேயிலைக்காரர் கத்தினார்கள், ஆர் கேட்டது? நான் அந்த முறை வெங்காயமும் மிளகாயும் வைத்திருந்தேன். யூரியா இல்லை. கடைக்காரர் பழைய தொடர்பில் அரை மூட்டையைச் சாக்குக்குள்ள மறைச்சு, ஏதோ கசிப்பு (கள்ளச்சாராயம்) விக்கிறது மாதிரி இருட்டினாப் பிறகு தந்தார். வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சுருண்டதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் இருந்தேன். கிண்டினால் கோலிக்குண்டு அளவில் வெங்காயம்.

நவம்பரில் தடையைத் தூக்கினார்கள். ஏழு மாதம்கூட ஆகவில்லை, ஆனால் பெரும்போகம் போச்சு. அடுத்த வருஷம் டொலர் இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் வரிசையில் ஆட்கள் செத்தார்கள், 2022 யூலையில் சனாதிபதி நாட்டை விட்டு ஓடி, வெளிநாட்டிலிருந்து பதவி விலகினார். நீங்கள் சொன்ன ‘மறுநாளே ஓடும் மோட்டார்’ இதுதான். ஓடத்தான் செய்தது, எங்களுக்கு மேலால.

நல்லவன்_வல்லவன்

அது ஆள் தப்பு. முறை தப்பு இல்லையே?

தோட்டக்காரன்_யாழ்

அப்ப முறையைப் பற்றியே கதைப்பம்.

1978க்கு முதல் எங்களுக்கு லண்டன் பாணிப் பாராளுமன்றம்தான். நிறைவேற்று சனாதிபதி இல்லை, பிரதமர், மந்திரிசபை, எல்லாம் ஒழுங்கு. அந்தப் பாராளுமன்றம்தான் சுதந்திரம் கிடைத்த 1948ஆம் வருடமே குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவர் ஆக்கியது. அந்தப் பாராளுமன்றம்தான் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் போட்டது. அப்ப இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் ஒரு இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் போடக்கூடாது என்று எழுதியிருந்தது. எழுதியிருந்து என்ன? இந்த இரண்டு சட்டத்துக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதுமாக இருந்தது. எண்ணிக்கையில் கூடினவன் எப்பவும் வெல்லுவான் என்றால் எண்ணிக்கையில் குறைந்தவனுக்கு அது ஆர் ஆண்டாலும் ஒன்றுதான்.

அப்புறம் 1987இல் 13ஆம் திருத்தம், மாகாணசபை. காணி, பொலிஸ் அதிகாரம் தாளில் இருக்கு. கையில் இல்லை. ஆளுநரைச் சனாதிபதி நியமிப்பார், மாகாண முதலமைச்சர் ஒரு நிதியம் தொடங்குவதற்கே கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2013இல் வடக்கில் 38 இடத்தில் 30 இடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தோம், சந்தோசமாகத்தான் கொடுத்தோம். 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதுக்குப் பிறகு வருஷக்கணக்காகத் தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துறார். கந்தோரில் (அலுவலகத்தில்) பெயர்ப்பலகை மட்டும் பளபளப்பாக இருக்கு.

சோழமண்டலம்

உலகத்துக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தது நாம்தான் என்பதை மறந்துவிட்டு சிங்கப்பூர், லண்டன் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உத்திரமேரூர் கல்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே குடவோலை!

கல்வெட்டுப்_பைத்தியம்

சோழமண்டலம் சார், போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் மூன்று தடவை போயிருக்கிறேன், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை. படித்தால் நிஜமாகவே மெய்சிலிர்க்கும். ஊரை முப்பது குடும்பாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்கிறார்கள். முன்பு வாரியத்தில் (ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடம் கிடையாது, அவன் உறவினர்களுக்கும் கிடையாது. சமீபத்தில் பதவியில் இருந்தவனுக்கு மூன்று வருடம் இடைவெளி. இந்த இரண்டு விதியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் நம் ஊரில் பாதிப் பேர் வேட்புமனுவே போட முடியாது.

ஆனால் முழுசாகப் படியுங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிரமதேய, அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. உழுதவர், பறை அடித்தவர், பெண்கள் ஒருவர் பெயரும் அந்தக் குடத்துக்குள் விழவில்லை. வாய்க்கால்மேடு சொன்ன அக்கா அந்த ஊரில் இருந்திருந்தால் ஏரிக்கு மண் சுமந்திருப்பார். பெருமைப்படுவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் குடத்துக்குள் யார் ஓலை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

பேர்ண்_அப்பா

நான் சுவிஸில் பேர்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறன், வந்து 24 வருஷம். உணவகச் சமையலறை வேலை. குடியுரிமை எடுக்கவில்லை, நிரந்தரமாக இருக்கிறதுக்கான சி அனுமதிதான். மகளுக்குக் குடியுரிமை இருக்கு.

வருஷத்தில் நாலு தரம் வரைக்கும் அவளின் பேருக்கு ஒரு தடிச்ச உறை தபாலில் வரும். உள்ளுக்குள் வாக்குச்சீட்டு, ஒரு சிவப்பு மட்டைக் குட்டிப் புத்தகம், அதில் அரசாங்கம் என்ன சொல்லுது, எதிராக நிக்கிறவை என்ன சொல்லினம் எல்லாம் இருக்கும். 2024 மார்ச் வாக்கெடுப்புக்கு வந்த உறையில் ஓய்வூதியம் வருஷத்துக்கு 12 மாதத்துக்குப் பதில் 13 மாதம் தரலாமா என்று கேள்வி. அரசாங்கமும் பாராளுமன்றமும் வேண்டாம் என்று சொல்லிச்சினம். சாப்பாட்டு மேசையில் மகள் புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு கேக்கிறாள், ‘அப்பா, நீங்கள் என்றால் என்ன போடுவீங்கள்?’ கட்டுறது என்ர காசு, வரப்போறது எனக்கு. பேனை மட்டும் அவளின் கையில். ஆம் என்று போட்டாள். 58 வீதம் ஆம் என்று நாடே சொன்னது. அரசாங்கம் முகத்தைத் துடைச்சுக்கொண்டு சரி என்றிட்டுது.

இஞ்ச தலைவர் என்று ஒராள் இல்லை. ஏழு பேர் கொண்ட குழு, பாராளுமன்றம் தேர்ந்தெடுக்கும், பெரிய கட்சிகள் எல்லாம் ஒரே அரசாங்கத்துக்குள் இருப்பினம். சனாதிபதிப் பட்டம் வருஷத்துக்கு ஒருவராகச் சுத்தி வரும். இந்த வருஷம் ஆர் என்று கேட்டால் எங்கட சமையலறையில் பிறந்து வளர்ந்த சுவிஸ்காரனே யோசிப்பான். பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டால் 100 நாளுக்குள் 50,000 கையெழுத்து சேர்த்தால் போதும், மக்கள் வாக்கெடுப்பு. அந்தப் பயத்தில் சட்டம் எழுதும்போதே எல்லாரையும் கூப்பிட்டுக் கதைச்சுத்தான் எழுதுவினம். அதனால் எதுவும் கெதியாக நடக்காது. ஆமை.

எனக்குப் பிடிச்ச விசயம் ஒன்று சொல்லுறன். மத்திய அரசு வருமான வரியும் வற் வரியும் எடுக்கிற உரிமைக்கே காலக்கெடு இருக்கு. 2018இல் மக்களிட்டைக் கேட்டு 2035 வரைக்கும் நீட்டியிருக்கினம். அரசாங்கம் வரி எடுக்கிறதுக்கு மக்களிட்டை லைசென்ஸ் புதுப்பிக்குது என்று ஊரில் சொன்னால் சிரிப்பினம். எங்கட ஊர் வரி வீதத்தையும் ஊர்க்கூட்டத்தில்தான் முடிவு செய்யினம், பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். ஒருக்காப் போனன். வாக்கு இல்லாத ஆக்களுக்குப் பக்கவாட்டில் தனிக் கதிரை. பள்ளிக்கூடக் கூரை மாத்துறதுக்கு ஒரு கிழவர் எழும்பி நின்று இருபது நிமிசம் ஓட்டுக்கணக்குக் கேட்டார், ஒருத்தரும் அவரை இருத்தேல்லை.

நல்லவன்_வல்லவன்

கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பெண்களுக்கு ஓட்டு எப்போது கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுங்களேன்.

பேர்ண்_அப்பா

1971.

நல்ல கேள்விதான் தம்பி, மறைக்கிறதுக்கு ஒன்றுமில்லை. 1959இல் ஆண்களிட்டைக் கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம் என்றிட்டினம். ஓட்டுப் போடுறவன்தான் ஓட்டைப் பங்கு போடலாமா என்று முடிவு செய்யிற முறை என்றால் அப்படித்தான் வரும். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் 1990 வரைக்கும் ஆண்கள் மைதானத்தில் நின்று கை தூக்கி மறுத்தினம், கடைசியில் மத்திய நீதிமன்றம்தான் கதவைத் திறந்தது.

எம்மன் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு குடியுரிமை கேட்ட ஆக்களின் விவரத்தை வீட்டுக்கு வீடு அனுப்பி வாக்கெடுப்பு வைச்சினம். இத்தாலிக் குடும்பங்களுக்கு ஆம். யூகோஸ்லாவியாப் பக்கம் இருந்து வந்த ஆக்களுக்கு இல்லை. 2003இல் நீதிமன்றம் அந்த முறையே செல்லாது என்றது. நான் விண்ணப்பம் போடாமல் இருக்கிறதுக்கு அது ஒரு காரணம். இப்ப அப்படி இல்லை என்று மகள் சொல்லுறாள், எனக்கு இன்னும் அந்தப் பயம் போகேல்லை. நாட்டில் கால்வாசிக்கும் மேல என்னைப்போல ஓட்டில்லாத ஆக்கள்.

அப்புறம் ஒன்று, உங்களுக்குச் சிரிப்பு வரும்: 2012இல் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஆறு கிழமை லீவு தரட்டோ என்று கேட்டதுக்கு, வேண்டாம் என்று போட்டவை இவை. என்ன சனங்களோ!

முன்னாள்_வார்டு4

நான் 2019லிருந்து ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன், மேற்கு மாவட்டம். வாய்க்கால்மேடு தம்பி சொன்னது எங்கள் பக்கத்து ஊராட்சியிலும் அப்படியே நடந்தது. ஆனால் துணைத்தலைவரோடு கதை முடியவில்லை.

எங்கள் தலைவரும் பெண்தான். முதல் கூட்டத்துக்குப் போனால் தலைவர் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர். அந்த அம்மா ஓரத்தில் ஸ்டூலில் காபி டம்ளரோடு. ஆறு மாதம் அப்படியே ஓடியது. பிறகு வீட்டுக்காரருக்கு இடுப்பு ஆபரேஷன், மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதத்தில் அந்த அம்மா தீர்மானப் புத்தகத்தைத் தானே எழுத ஆரம்பித்தார், மோட்டார் ஆபரேட்டருக்குச் சம்பளம் தானே போட்டார், யூனியன் ஆபீசில் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) முன்னால் நின்று பேசக் கற்றுக்கொண்டார். வீட்டுக்காரர் எழுந்து வந்தபோது நாற்காலியில் இடம் இல்லை. ஐம்பது சதவீதம் பெண்களுக்கு என்பதை நக்கல் செய்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பார்த்தால் கையில் என்ன இருக்கிறது? ஏரி நீர்வளத்துறை, புறம்போக்கு வருவாய்த்துறை, ரேஷன் கடை கூட்டுறவு, பள்ளிக்கூடம் கல்வித்துறை. பள்ளிக்கூட வாசலில் இருக்கிற குழாய் மட்டும் எங்களுடையது. குளத்து ஆக்கிரமிப்பை எடுக்க மூன்று கிராமசபையில் தீர்மானம் போட்டோம். மூன்றும் ஃபைலில் தூங்குகிறது.

கிராமசபை எப்படி நடக்கும் தெரியுமா? நூறு நாள் வேலைக்காரர்களை ஒன்பது மணிக்கே வேலைத்தளத்திலிருந்து வரச்சொல்லி உட்கார வைப்பார்கள், அப்போதுதான் ஆள்கணக்கு சேரும். செயலர் படிப்பார், யாருக்கும் கேட்காது. கையெழுத்து நோட்டு மட்டும் சுற்றி வரும். டீ, பிஸ்கட். அரை மணி நேரம். எதைத் தீர்மானித்தோம் என்று வீட்டுக்குப் போகும் வழியில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

கறுப்பு_கோட்டு

அந்த அம்மா கையில் குழாய் மட்டும் மிஞ்சியதற்குக் காரணம் ஒரு வார்த்தை. ஊராட்சிகளுக்கான அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது, 11ஆவது அட்டவணையில் குடிநீர், சாலை, விவசாயம் என்று 29 துறைகள். ஆனால் 243ஜி பிரிவைப் படித்தால், இந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு ‘வழங்கலாம்’ என்றுதான் இருக்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று இல்லை. தேர்தல் நடத்துவது கட்டாயம், ஒதுக்கீடு கட்டாயம், அதிகாரம் மட்டும் மாநிலத்தின் விருப்பம். கேரளா 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிக்கு எடுத்து வைத்தது. அங்கே கிராம ஊராட்சிகள் 941, நமக்குச் சுமார் 12,500, அதனால் அங்கே ஒரு ஊராட்சி என்றால் அலுவலகம், ஆட்கள், பொறியாளர் எல்லாம் வைத்துக்கொள்ள முடியும். நமக்கு ஒரு செயலர், ஒரு ஆபரேட்டர்.

டெல்லி மாநிலத்தின் அதிகாரத்தைப் பிடுங்குகிறது என்று சென்னையில் பேசுவோம், நியாயமான பேச்சுதான், 1976லும் 1991லும் ஆட்சியைக் கலைத்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அதே சென்னை ஊராட்சித் தலைவரை எப்படி நடத்துகிறது? ஊராட்சிகள் சட்டம் 205ஆவது பிரிவில் கலெக்டர் நோட்டீஸ் கொடுத்து, விசாரணை நடத்தி, மக்கள் ஓட்டுப் போட்டு வந்த தலைவரை நீக்கலாம். ஒரு முதலமைச்சரை ஒரு ஐஏஎஸ் அதிகாரி நீக்க முடியும் என்று சட்டம் இருந்தால் நாம் சும்மா இருப்போமா?

மேலேயும் இதே கதைதான். 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொன்னதற்கு எதிராக ஓட்டுப் போட்டால் எம்.பி. பதவியே போய்விடும். 2019 செப்டம்பரில் லண்டனில் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 21 பேர் சொந்தப் பிரதமருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். கட்சி வெளியே தள்ளியது, ஆனால் நாற்காலி அவர்களுடையதுதான். நம்முடைய முறையும் அதே வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் பாராளுமன்ற முறை, என்று தேர்வில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நானும்.

சோழமண்டலம்

205க்கு ஒரு நியாயம் இருக்கிறது சார். எத்தனை தலைவர்கள் பிளீச்சிங் பவுடர் கணக்கிலேயே வீடு கட்டியிருக்கிறார்கள்? கலெக்டர் என்று ஒருவர் மேலே இல்லாவிட்டால் ஊர்ப் பெரிய குடும்பம்தான் ராஜா.

வாய்க்கால்மேடு

சோழமண்டலம் சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துப்போகிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் இந்த நான்கு ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்து வருடம் தேர்தலையே நடத்த விடவில்லை. யாரும் மனு போட மாட்டார்கள், போட்டு ஜெயித்தால் அன்றைக்கே ராஜினாமா. 2006இல் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பில் உட்கார அரசும் மாவட்ட நிர்வாகமும் முழு மூச்சில் இறங்க வேண்டியிருந்தது. மேலவளவில் 1997இல் பட்டியலின ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஊருக்கே முழு அதிகாரம் என்றால் எந்த ஊருக்கு, ஊரில் எந்தத் தெருவுக்கு என்று கேட்கத்தான் வேண்டும். யாழ் அண்ணன் 1956 பற்றிச் சொன்னதும் பேர்ண் அண்ணன் எம்மன் பற்றிச் சொன்னதும் எனக்கு இந்த நான்கு ஊரோடு சேர்த்துத்தான் புரிந்தது.

பாதிக்கு ஒத்துப்போகவில்லை. ஏனென்றால் எங்கள் அக்கா பதினோரு நாளும் அதே அதிகாரிகளுக்குத்தான் மனு எழுதினார். புகார் மனு வாங்கிய ரசீது இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. 205 பிரிவு தலைவர் மேல் பாயும், கையெழுத்துப் போடாமல் புல்லட்டை நிறுத்தி வைத்திருக்கிற துணைத்தலைவர் மேல் எங்கள் ஊரில் எதுவும் பாயவில்லை.

இப்போது அந்தச் சண்டைகூட இல்லை. எங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரியோடு ஐந்து வருடம் முடிந்தது. தலைவரும் இல்லை, துணையும் இல்லை, யூனியன் ஆபீசிலிருந்து தனி அலுவலர். நல்ல மனிதர்தான், ஆனால் ஏகப்பட்ட ஊராட்சிக்கு அவர் ஒருவரே. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று தெரியவில்லை.

நல்லவன்_வல்லவன்

சரி அண்ணே, உரக் கதையில் நான் கொஞ்சம் ஆடித்தான் போய்விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேர்ண் அண்ணை சொன்ன மாதிரி ஒரு கூரைக்கு இருபது நிமிடம் கேள்வி கேட்டால் இந்த நாட்டில் எந்த வேலை நடக்கும்?

பேர்ண்_அப்பா

கூரை மாத்தியாச்சு தம்பி. சொன்ன காசுக்குள்ள.

முன்னாள்_வார்டு4

வாய்க்கால்மேடு தம்பி, தனி அலுவலர் காலத்திலும் கிராமசபை நடக்கும், விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருடத்துக்கு ஆறு. படிவம் 30 என்று ஒரு செலவுக் கணக்கு உண்டு, கூட்டத்தில் வைத்தாக வேண்டும். பெரும்பாலும் செயலரின் பைக்குள் மடித்தபடியே இருக்கும், கேட்டால்தான் எடுப்பார். மோட்டார் பராமரிப்பு என்ற வரியில் எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். தீர்மானம் எழுதி முடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். வெறும் நோட்டில் போடாதீர்கள்.

வாய்க்கால்மேடு

அந்தப் படிவத்தை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை அக்கா. அடுத்த கூட்டத்துக்கு எங்கள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், ஏழு மாதம் காத்திருந்தவர், அவரே கேட்கட்டும். போட்டோ எடுத்து இங்கே போடுகிறேன்.